படுத்தபடியே ராணுவத்துக்குப் போனவன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: லேய்த்தே தீவின் தென்மேற்குக் கரையில் இருக்கும் சான் தெல்மோ என்னும் எங்கள் ஊரில், நாட்டின் பாதுகாப்போடும், பசிபிக் பெருங்கடலின் அமைதியோடும், இனிப் பிறக்கப்போகும் சந்ததிகளின் மானத்தோடும் நேரடித் தொடர்புடைய மாபெரும் நிகழ்ச்சி ஒன்று நடந்தேறியது. வரலாற்று ஆசிரியர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஜெர்விக் துமுலாக் என்ற இளைஞனுக்கு அரை அங்குலம் தேவைப்பட்டது.

இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. சந்தைக்கு எதிரே ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் தேர்வில் தேறினால் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். தேர்வு எழுதக் கிளம்பினாலே வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வாழ்த்தப்படுகிறவனின் முகம் ஓரத்தில் ஒரு சோற்றுத்தட்டு அளவுக்கு இருக்கும். வாழ்த்துகிற ஊர்த்தலைவர் எபிபானியோ கபலுனாவின் முகம் துணி துவைக்கும் தொட்டி அளவுக்கு இருக்கும். பல்லைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்வார். தருவேன்.

ஜெர்விக்குக்கு நான் அடித்தது மொத்தம் மூன்று. பதினெட்டு வயதில் கப்பல் கல்லூரியில் சேர்ந்தபோது முதலாவது: வெள்ளைத் தொப்பி, பின்னால் நீலக் கடல், 'எங்கள் வருங்கால மாலுமி'. பயிற்சிக்காகப் பக்கத்துத் தீவான சேபூவுக்குப் படகேற்றினார்கள். மூன்று மணி நேரப் பயணம். சாப்பிட்டது எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிடப்போவதற்கும் முன்பணம் கொடுத்தான். இரண்டு வருடம் முயன்று பார்த்தான். கடல் மனம் மாறவில்லை. அடுத்தது குற்றவியல் படிப்பு, நீலத் தொப்பி, 'எங்கள் வருங்காலக் காவல் அதிகாரி'. படிப்பு முடிந்தது. ஆனால் காவல்துறை ஐந்தடி இரண்டு அங்குலம் கேட்டது. இவன் ஐந்தடியோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டவன். பிறகு சேபூவில் ஒரு பெரிய கடையில் காவலாளி, பழுப்புத் தொப்பி. ஆறாவது மாதம் வந்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்பதால் ஐந்தாவது மாதக் கடைசியில் எல்லோரையும் போல இவனுக்கும் கைகுலுக்கி விடைகொடுத்தார்கள். மூன்று ஃப்ளெக்ஸிலும் முகம் அதே பதினெட்டு வயது முகம்தான். நான் தொப்பியை மட்டும் மாற்றினேன்.

ஊருக்குத் திரும்பி மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருந்தான். ஏறுகிறவர்கள் எல்லோரும் இடம் சொல்வதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள்: "அப்புறம், தோங்? அடுத்து என்ன ஆகப்போறே?" எங்கள் ஊர்ப் பேச்சில் தம்பி என்றால் தோங், அண்ணன் என்றால் நோங், அக்கா என்றால் மானாங்.

அந்த வருடம் புயல் வந்தது. கூரைகள் போயின. ராணுவ லாரியில் பத்துப் பேர் வந்து அரிசி மூட்டையும் தகரமும் இறக்கினார்கள். ஜெர்விக் சும்மா நிற்கப் பிடிக்காமல் தோள் கொடுத்தான். பத்து நாள் அவர்களோடு சுமந்தான், அவர்களோடு சாப்பிட்டான், அவர்கள் கொடுத்த தொளதொளப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அந்தப் பத்து நாளும் அவனை யாரும் அடுத்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கவில்லை. லாரி கிளம்பியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை தொப்பி விவகாரம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ராணுவம் கேட்டது ஐந்தடி. வயது வரம்பு தாண்ட இன்னும் பதினோரு நாள் இருந்தது. நகரத்து முகாமில் ஆள் எடுப்பு அதற்கு முன் ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை. தவறவிட்டால் ஆயுள் முழுக்க ரிக்‌ஷா.

மருத்துவச் சான்றிதழுக்காகச் சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே நர்ஸ் மானாங் சென்டா, ஊரில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தவள், அந்த உரிமையில் எல்லோரையும் திட்டுகிறவள்.

"நாலடி பதினொண்ணரை," என்றாள்.

"மானாங், நல்லாப் பாருங்க. அஞ்சு இருக்கும்."

"பார்க்கப் பார்க்கப் பெருசாகறதுக்கு இது என்ன காதலா? அளவுடா."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி நாலு. காலையிலேர்ந்து ரிக்‌ஷா மிதிச்சியா?"

"ஆமா."

"நாளைக்குப் படுக்கையை விட்டு எந்திரிச்சதும் நேரா இங்க வா. பல்லு விளக்காதே. யார்கிட்டயும் நின்னு பேசாதே."

மறுநாள் காலை அளந்தாள். ஐந்தடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"முதுகெலும்புக்கு நடுவுல பஞ்சு மாதிரி இருக்கும்டா. ராத்திரி படுத்தா உப்பும். நின்னா அமுங்கும், உட்கார்ந்தா அமுங்கும், குலுங்கினா கேட்கவே வேண்டாம். எல்லா மனுஷனும் காலையில நீளம், சாயங்காலம் கட்டை."

"முகாமுக்கு ரெண்டு மணி நேரம் ஜீப்னி வண்டியில உட்கார்ந்து குலுங்கிக்கிட்டுப் போகணுமே, மானாங்."

"இறங்கும்போது உன்னை ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க."

ஆக, அவன் படுத்துக்கொண்டே போக வேண்டும். படுத்துக்கொண்டு போகிற வண்டி எது? அவன் அம்மா மெலித்தாதான் முதலில் யோசனை சொன்னாள்.

"சவப்பெட்டிக் கடைக்காரன் வண்டி இருக்கே. நல்லா நீளமா, ஏசியோட."

"அம்மா! அதுல போறதுக்கு இன்னும் நாள் இருக்கு."

மிச்சம் இருந்தது ஊர் ஆம்புலன்ஸ். அதன் இரண்டு பக்கமும் தலைவர் கபலுனாவின் முகம் வரைந்திருக்கும். நோயாளி ஏறுவதற்கு முன் அவர் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். நான், மானாங் சென்டா, மெலித்தா மூவரும் போய்க் கேட்டோம். தலைவர் உடனே கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் மனதுக்குள் மேடை போடுகிறார் என்று அர்த்தம். தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"ஒரு வீரனைத் திருடன் மாதிரி சத்தமில்லாம அனுப்புறதா? வழியனுப்பு விழா வைக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு."

"தலைவரே, அவன் நிக்கவே கூடாது," என்றாள் மானாங் சென்டா.

"அவன் எதுக்கு நிக்கணும்? நான்தானே நிக்கப்போறேன்!"

நாலாவது ஃப்ளெக்ஸ் எனக்கு வந்தது. பச்சைத் தொப்பி; தலைவரே நேரில் நிற்கப்போவதால் இந்தத் தடவை ஜெர்விக்கின் முகம்தான் பெரிது. என்னிடம் பின்னணி இரண்டுதான்: கல்யாணத்துக்கு ரோஜா, மற்ற எல்லாவற்றுக்கும் மேகம், மேகத்துக்குப் பின்னாலிருந்து ஒளிக்கதிர். கீழே தலைவர் சொன்ன வாசகம்: 'சென்று வா ஜெர்விக்! ஊர் உன்னை என்றும் மறவாது.' அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வாசகத்தைத் திருத்தச் சொன்னால் தலைவர் அதை நீளமாக்கித்தான் தருவார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஜெர்விக்கைப் படுக்கையிலிருந்து எழுப்பவே இல்லை. அவன் அண்ணன்கள் இருவர் மெத்தையோடு தூக்கி, சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரில் போட்டு, வெள்ளைப் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, ஊர்க் கூடைப்பந்துக் கூடத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைமாட்டில் ஃப்ளெக்ஸ். மெலித்தா படுத்திருக்கிறவன் வாயில் பன்சித் நூடுல்ஸை ஊட்டினாள்.

"கடிக்காதே. முழுசா உறிஞ்சு. நீளமா உள்ள போனாத்தான் நீளம் தரும்."

"அது ஆயுசுக்கும்மா."

"ரெண்டுக்கும்தான். வாயை மூடிட்டுச் சாப்பிடு."

நூறு பேர் கூடியிருந்தார்கள். முதலில் தேசிய கீதம். மானாங் சென்டா போர்வையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முதல் அடி தொடங்குவதற்குள் ஜெர்விக் காலைக் கீழே இறக்கிவிட்டான்.

"படுடா! ஒரு நிமிஷத்துக்கு ஒரு மயிரிழை போகும்."

"போகட்டும் மானாங். ராணுவத்துக்குப் போறவன் இந்தப் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தா, அஞ்சடி என்ன, ஆறடி இருந்தும் பிரயோஜனமில்லை."

நெஞ்சில் கை வைத்து நேராக நின்றான். கீதம் முடிந்ததும் அடுத்து மாகாண கீதம், அதற்கடுத்து நகராட்சி கீதம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. மானாங் சென்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிடத்தினாள். "மாகாணத்துக்கெல்லாம் படுத்துக்கலாம்."

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். அதை அவரிடமிருந்து பிடுங்கியவர் இதுவரை யாருமில்லை.

"இந்தப் பையன்... நல்ல பையன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லை. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். இன்னிக்கு நம்மையெல்லாம் விட்டுட்டு, திரும்பி வர முடியாத ஒரு பெரிய பயணம்..."

அந்த நேரம் பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் காலைப் பூசைக்காக அந்த வழியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: மேகத்துக்குள் ஒரு இளைஞனின் பெரிய படம், அதன் கீழே வெள்ளைப் போர்வையில் அதே இளைஞன், பக்கத்தில் அழுகிற அம்மா, மேடையில் புகழ்கிற தலைவர். நான்கு பேர் உள்ளே வந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கைப்பையிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்து ஏற்றி, ஜெர்விக்கின் கால்மாட்டில் வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து, மரியாதை தெரிந்த பிள்ளையாதலால், "ரொம்ப நன்றிம்மா," என்றான். அந்த அம்மாள் அலறிக்கொண்டு எதிர்ப்பக்கக் கூடைப்பந்து வளையம் வரை ஓடினாள்.

பின்வரிசையிலோ அதற்குள் மேசை போட்டுச் சீட்டுக் கட்டைக் கலைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் துக்க வீட்டில் விடியவிடியச் சீட்டாடுவது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.

"டேய், ஆள் சாகலைடா. ராணுவத்துக்குப் போறான்," என்றேன்.

"அப்படியா? சந்தோஷம். கையில நல்ல சீட்டு வந்திருக்கு, இந்த ஆட்டம் மட்டும் முடியட்டும் நோங்."

தலைவருக்குப் பிறகு ஊர் மன்றத்தின் ஏழு உறுப்பினர்கள் பேச வேண்டியிருந்தது. நாலாவது ஆள் மேடையேறியபோது மணி ஆறரை. எட்டு மணிக்கு அளவெடுப்பு. மானாங் சென்டா அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு பேச்சின் நடுவிலேயே கூடத்தை விட்டு வெளியேறினாள். கூட்டம் அவள் பின்னால் போயிற்று. நாலாவது உறுப்பினர் சீட்டாடுகிறவர்களைப் பார்த்துப் பேசி முடித்ததாகக் கேள்வி.

ஆம்புலன்ஸில் ஜெர்விக்கோடு பின்னால் மானாங் சென்டா, மெலித்தா, படம் எடுக்க நான். முன்னால் ஓட்டுநர் பெர்டிங், அவன் பக்கத்தில் தலைவர். 'வீரனை நானே ஒப்படைப்பேன்' என்று ஏறிக்கொண்டார். ஃப்ளெக்ஸை அவிழ்த்து வண்டியின் முகப்பில் கட்டச் சொன்னார். பின்னால் உறுப்பினர்களின் ஜீப்பும் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களும், விடிந்த பிறகும் விளக்கை அணைக்காமல், வரிசையாக வந்தன.

பாதி வழியில் ஒரு சந்தை ஊர். வெள்ளிக்கிழமை சந்தை நாள். பன்றியும் தேங்காயும் மனிதர்களும் சாலையை நிரப்பிவிடுவார்கள். கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். மெலித்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள்.

"போச்சு. இங்கேயே எட்டு மணி ஆயிடும்."

"இப்ப நான் எவ்வளவு இருப்பேன், மானாங்?" என்றான் ஜெர்விக் கூரையைப் பார்த்தபடி.

"பேசாதே. பேசினாலும் அமுங்கும்."

பேசினால் அமுங்காது. ஆனால் அன்று மருத்துவத்தோடு வாதாட யாருக்கும் தைரியமில்லை.

அப்போது சந்தையில் ஒரு அமைதி பரவியது. முதலில் ஒரு மீன்காரன் தொப்பியைக் கழற்றினான். அடுத்து தேங்காய் வண்டி ஓரங்கட்டியது. பன்றியை இழுத்துக்கொண்டிருந்தவன் அதைக் காலிடுக்கில் அமுக்கிக்கொண்டு தலைகுனிந்தான். சாலை நடுவில் வகிடு எடுத்தது போல் பிளந்தது. நாற்சந்திப் போலீஸ்காரர் நான்கு திசையிலும் வண்டிகளை நிறுத்திவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

தலைவர் கபலுனா மெய்சிலிர்த்துப்போனார். ஜன்னலை முழுதாக இறக்கி, இடுப்புவரை வெளியே நீட்டி, இரண்டு கையையும் ஆட்டினார்.

"பார்த்தியா பெர்டிங்! பக்கத்து ஊர்க்காரனுக்குக்கூட என்னைத் தெரிஞ்சிருக்கு!"

"ஆமா தலைவரே," என்றான் பெர்டிங், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களைப் பார்த்துச் சிலுவைகூடப் போட்டுக்கறாங்க."

யாரோ துக்க ஊர்வல வழக்கப்படி சில்லறை எறிந்தார்கள். அது வண்டியின் கூரையில் கலகலவென்று உருண்டது.

"காசெல்லாம் வேண்டாம்! ஓட்டுப் போட்டாப் போதும்!" என்று தலைவர் கத்தினார்.

ஒரு கிழவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார். "வயசு எத்தனைங்க?"

"அம்பத்தெட்டு!"

"ஆண்டு அனுபவிச்ச வயசுதான்," என்றார் கிழவர் ஆறுதலாக.

நாலே நிமிடத்தில் சந்தையைக் கடந்தோம். பெர்டிங் வண்டியை விட்டான். ஏழு ஐம்பத்தைந்துக்கு முகாம் வாசல்.

வாசலுக்குள் இருநூறு பேர் வரிசை. ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றதும் இருநூறு பேரும் திரும்பினார்கள். அளவெடுக்கிற சார்ஜென்ட் ஒரு பெண், ஆபுயென் என்று சட்டையில் பெயர், காலையிலேயே பொறுமை தீர்ந்துபோன முகம். நடந்து வந்தாள்.

"இவனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை மேடம். பூரண ஆரோக்கியம்," என்று மானாங் சென்டா சான்றிதழை நீட்டினாள்.

"அப்புறம் ஏன் படுத்திருக்கான்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "மேடம், நாட்டுக்காகத் தன் முதுகெலும்பையே..." ஜெர்விக் முந்திக்கொண்டான்.

"நின்னா குறைஞ்சிடுவேன் மேடம். காலையில அஞ்சடி இருந்தேன். பொய் சொல்லலை. தேசிய கீதத்துக்கு மட்டும் எந்திரிச்சேன்."

சார்ஜென்ட் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"அதுக்கு எந்திரிச்சியா?"

"ஆமா மேடம்."

"இவனை முதல்ல கொண்டு வாங்க."

சுவரோரம் ஒரு பழைய மர அளவுகோல் நின்றது. மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கட்டை. அண்ணன்மார் இல்லாததால் நானும் பெர்டிங்கும்தான் அவனைத் தூக்கி, குதிகால் படும்படி நிறுத்தினோம். மெலித்தா கண்ணை மூடிக்கொண்டாள். இருநூறு பேரும் மூச்சு விடவில்லை. ஜெர்விக்கின் கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. கட்டை சரசரவென்று இறங்கி அவன் தலையைத் தொட்டது.

"ஐந்தடி," என்றாள் சார்ஜென்ட். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். "முக்கால் அங்குலம். முக்கால் கூடுதல். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

கூச்சல் கிளம்பியது. மெலித்தா சார்ஜென்ட்டைக் கட்டிக்கொண்டாள், சார்ஜென்ட் விரும்பாமலே. ஜெர்விக் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சுவரில் சாய்ந்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்து, அன்று முதல் முறையாக உட்கார்ந்திருப்பதன் சுகத்தை அனுபவித்தான். மானாங் சென்டா மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். ஆம்புலன்ஸில் படுத்ததுக்கே இவ்வளவு வளருமா என்று தன் மருத்துவத்தின் மேலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

தலைவருக்கும் ஆசை வந்தது. "நானும் ஒருதரம்," என்று கோலின் கீழே நின்றார். ஐந்தடி ஐந்து. சுகாதார நிலையக் கணக்கில் அவர் ஐந்தடி நாலு.

"பார்த்தீங்களா! அம்பத்தெட்டு வயசுல ஒரு அங்குலம்! மக்கள் சேவை செய்யறவன் வளர்ந்துக்கிட்டேதான் இருப்பான்!"

அன்று உயரத்தில் ஒருவரும் தோற்கவில்லை. 'இந்த வருஷமும் பசங்க நல்ல வளர்த்தி' என்று சார்ஜென்ட் ஆபுயென் பதிவேட்டில் குறித்துக்கொண்டாள்.

ஜெர்விக் பல்லிலும் தேறினான், ஓட்டத்திலும் தேறினான், எழுத்துத் தேர்விலும் தேறினான். ஆறு மாதப் பயிற்சியில் எடை ஏறி, தோள் அகன்று, காலாட்படை வீரனாகச் சத்தியம் செய்துகொண்டான். தொப்பியை இந்தத் தடவை அவர்களே கொடுத்தார்கள். மெலித்தா அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்து, ஃப்ளெக்ஸ் வேண்டாம், சின்னதாக ஒன்று போட்டுக் கொடு, வீட்டுச் சுவருக்கு என்றாள். சான் தெல்மோவில் இப்போது ராணுவத்துக்கோ போலீஸுக்கோ போகிறவர்கள் எல்லோரும் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டுதான் போகிறார்கள். தலைவர் கபலுனா 'தலைமுறையையே உயர்த்தியவர்' என்ற ஃப்ளெக்ஸோடு தேர்தலில் ஜெயித்தார். மானாங் சென்டா இதைப் பற்றி மாவட்ட மருத்துவ அலுவலகத்துக்கு எட்டுப் பக்கக் கட்டுரை எழுதி அனுப்பினாள்.

அந்த முகாமின் அளவுகோலை அடியில் கரையான் அரித்ததால், ஐந்து வருடத்துக்கு முன்பே கீழே ஒரு அங்குலம் அறுத்தெடுத்திருந்தார்கள்.